பேர் வெட்டிய பித்தளை வால்வு

சீர் என்று ஒன்று வீடு தேடி வந்துவிட்டால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பட்டுப்புடவை வந்தால் கட்டிக்கொள்ளலாம். குத்துவிளக்கு வந்தால் ஏற்றலாம். அண்டா வந்தால் பரணில் ஏற்றிவிட்டு மறந்துபோகலாம். ரத்தினசாமிக்கு வந்தது ஒரு வால்வு. பித்தளையில் வார்த்தது, உரித்த தேங்காய் பருமன், குழாயை மூடித் திறக்கிற சாமான். அதன் கழுத்தில் 'தனுஷ்கோடி, சிவகாசி' என்று பேர் வெட்டியிருந்தது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் சந்தனம் குங்குமத்தோடு வால்வு. அதை ஏந்திக்கொண்டு மச்சான் தனுஷ்கோடி ஆமத்தூர் ஷெட்டுக்குள் நுழைந்தபோது, இதை எங்கே மாட்டுவது என்று கேட்கிற தைரியம் அங்கே ஒருவருக்கும் இல்லை.

எந்த மச்சானாவது வால்வைச் சீராகக் கொண்டுவருவானா என்று கேட்பீர்கள். பட்டாசுக்காரர் கொண்டுவருவார். அவர்கள் தொழிலில் மருந்து கலக்கிற அறைக்குள் இரும்பு போகக் கூடாது. கரண்டி பித்தளை, சல்லடை பித்தளை, இல்லாவிட்டால் மரம். பெண்கள் கொண்டை ஊசியைக் கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இரும்பு எதிலாவது உரசி ஒரு பொறி விழுந்தால் போதும், அப்புறம் நடந்ததைச் சொல்ல ஆள் மிஞ்சாது. ஆகவே தனுஷ்கோடிக்குத் தெரிந்த உலோகங்களில் உத்தமமானது பித்தளை. தங்கம்கூட அதற்கு அடுத்தபடிதான்.

ரத்தினசாமியின் ஷெட்டில் செய்தது வெடிக்கிற சமாச்சாரம் இல்லை. அது இரும்பைக் காப்பாற்றுகிற மருந்து. பூமியிலிருந்து எடுக்கிற கச்சா எண்ணெயில் உப்பு கலந்திருக்கும். சுத்திகரிப்பு ஆலையில் அதைக் காய்ச்சும்போது அந்த உப்பு அமிலமாகி, ஆவியோடு ஆவியாக மேலே ஏறும். மேலே போய்க் குளிர்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கட்டும். அமிலம் அந்தத் தண்ணீரில் இறங்கி உட்கார்ந்துகொண்டு குழாயை உள்ளேயிருந்து தின்னும். வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்து ஜம்மென்று இருக்கும். உள்ளே அப்பளம். ஒரு நாள் பொத்துக்கொண்டால் வெளியே வருவது கொதிக்கிற எண்ணெய் ஆவி. அதைத் தடுக்க இந்த மருந்தைச் சிறிது சிறிதாகக் குழாய்க்குள் விடுவார்கள். தோசைக்கல்லில் தேய்த்த எண்ணெய் மாதிரி அது இரும்பின் மேல் படிந்துகொள்ளும், அமிலம் அண்டாது. நல்ல மருந்துதான். வாடை மட்டும் கெட்டுப்போன கருவாடு. ரத்தினசாமி வீட்டுக்கு வந்தால் முதலில் பின்பக்கம் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது மனைவி பேச்சியம்மாளின் சட்டம்.

அதற்கு முன்னால் அவரும் பட்டாசுக்காரர்தான். மச்சானும் அவரும் கூட்டு. ஆறு வருஷத்துக்கு முன், தீபாவளி சீசன் உச்சத்தில், கலவை அறை ஒன்று வெடித்தது. நான்கு பேர் போனார்கள். இடிபாட்டில் ஓர் இரும்புக் கரண்டி கிடந்தது. இரும்பு எப்படி உள்ளே வந்தது என்று விசாரணைக்கு வந்த அதிகாரி கேட்டார். "மருந்து கலக்குற சீனிச்சாமி வீட்டுலயிருந்து கொண்டாந்திருக்கான். சொல்பேச்சுக் கேக்காத பய," என்று தனுஷ்கோடி சொன்னார். சீனிச்சாமி செத்த நால்வரில் ஒருவன். மறுத்துப் பேச அவன் வரப்போவதில்லை. கேஸ் அதோடு முடிந்தது.

ரத்தினசாமிக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. விபத்துக்கு முந்தின நாள், பாத்திரக்கடைக்காரர் அவரைப் பார்த்து, "என்ன, ஒங்க மச்சான் கரண்டியா வாங்கிட்டுப் போறாரு, கல்யாணமா வீட்டுல?" என்று கேட்டிருந்தார். அதை அவர் அதிகாரியிடம் சொல்லவில்லை. மனைவியின் கூடப்பிறந்தவர் ஆயிற்றே, எப்படிச் சொல்வது. சொல்லாமல் இருக்கவும் முடியாமல், "இந்தக் கம்பெனிச் சோறு இனி எனக்கு வேண்டாம்" என்று எல்லார் முன்னாலும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பாதி யோக்கியம் என்று ஒன்று உண்டென்றால் அது அதுதான். உண்மையைச் சொன்ன பெயரும் இல்லை, உறவைக் காப்பாற்றிய பெயரும் இல்லை.

அடி விழுந்தது பேச்சியம்மாளுக்கு. தாய்வீட்டு வாசல் அவளுக்கு அன்றோடு அடைபட்டது. அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரவில்லை. பொங்கல் சீர் வரவில்லை. விருதுநகர் பஜாரில் ஒரு தடவை அண்ணன் கார் அவள் பக்கத்திலேயே நின்றது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைத்தாள், பரிமாறினாள், பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ரத்தினசாமிக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஷெட் ஆரம்பித்தபோது அவர் முதலில் வேலைக்குக் கூப்பிட்டது நாரணாபுரத்துத் தங்கத்தாயை. சீனிச்சாமியின் பெண்சாதி. ஊரில் அவளை, நாலு பேரைக் கொன்றவன் பெண்டாட்டி என்றுதான் பேசினார்கள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அவள் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "அவரு இரும்பத் தொடமாட்டாரு. அரணாக்கயித்துல சாவி கூடப் போட்டுக்கிடமாட்டாரு," என்று அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கேட்க ஆளில்லாமல் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ரத்தினசாமி அவளுக்கு வேலை கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார். பாத்திரக்கடைக்காரர் சொன்னதை மட்டும் கொடுக்கவில்லை.

2006-இல் கடலோரத்துச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று அவருடைய மருந்தைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தது. சேதி சிவகாசிக்கும் போயிற்று. சண்டைக்காரனாக இருந்தாலும் மாப்பிள்ளை பெரிய இடத்துக்குச் சரக்கு அனுப்புகிறான் என்றால் மச்சானுக்குக் கொஞ்சம் இளகத்தானே செய்யும். பேச்சியம்மாள் அந்த இளக்கத்தை விடவில்லை. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளியில் அண்ணன் வருவார் என்று தெரிந்து, கூட்டத்துக்குள் நின்று, நேரே அவர் முன்னால் போய், "என்ன பாக்கவே மாட்டியாண்ணே" என்று கேட்டாள். தனுஷ்கோடியும் மனுஷர்தானே, கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"வாரேன். ஆனா அந்தப் பழைய பேச்ச ஒருத்தரும் எடுக்கக் கூடாது. சீனிச்சாமிங்கிற பேரே என் காதுல விளக் கூடாது. விளுந்துச்சு, அன்னைக்கோட சரி."

பேச்சியம்மாள் அங்கேயே தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து புருஷனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அப்படித்தான் தாம்பாளமும் வால்வும் வந்தன.

ரத்தினசாமி மட்டி இல்லை. தாம்பாளத்தைக் கையில் வாங்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. புடவையோ விளக்கோ கொண்டுவராமல், ஊரில் இருக்கிற வார்ப்படக்காரனிடம் சொல்லி, பித்தளையில் செய்து, பேர் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். என் தங்கச்சி புருஷன் இடத்தில் இனி இரும்பு வேண்டாம் என்கிறார். வாயால் கேட்க முடியாத மன்னிப்பைத் தாம்பாளத்தில் வைத்துக் கேட்கிறார். நல்லதுதான். ஆனால் அந்த மன்னிப்பு வந்துசேர வேண்டிய ஆள் நான் இல்லையே என்று அவர் மனதில் ஓடியது. பத்தடி தள்ளி டிரம்முக்கு மூடி போட்டுக்கொண்டு நின்ற தங்கத்தாயைத் தனுஷ்கோடிக்கு யாரென்றே தெரியவில்லை. முதலாளிமார் வேலையாட்களின் பெண்டாட்டிகளை எங்கே பார்த்தார்கள். அவளுக்கு அவரைத் தெரிந்தது. மூடியைப் போட்டு முடித்துவிட்டு அடுத்த டிரம்முக்குப் போனாள்.

கலவைத் தொட்டியின் அடியில், மருந்தை டிரம்மில் பிடிக்கிற இடத்தில், எவர்சில்வர் வால்வு ஒன்று இருந்தது. அதைக் கழற்றிவிட்டு, தனுஷ்கோடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பித்தளை வால்வை மாட்டினார்கள். மஞ்சளாக, கோயில் சாமான் மாதிரி, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அன்று மதியம் ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவை ரசம் கேட்டார். பேச்சியம்மாள் அடுப்படிக்குப் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கெமிஸ்ட் நாதியா அன்றைக்கு லீவு. அவள் தங்கை மஹ்ரீனுக்கு நிக்காஹ். நாதியா, விருதுநகரில் கெமிக்கல் வியாபாரம் செய்கிற காதர் பாட்சாவின் மகள், எம்.எஸ்ஸி. படித்தவள், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது. வேலைக்குத் திரும்பிய அன்றே தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"சார், இது யார் மாட்டுனது?"

"மச்சான் சீரும்மா."

"நம்ம மருந்துல இருக்கிறது அமீன்ங்கிற கெமிக்கல். அமீனுக்கும் பித்தளைக்கும் ஆகாது சார். அரிச்சிரும். கழட்டிருங்க."

"இப்பத்தான் மாட்டிருக்கு. சட்டுனு கழட்டுனா நல்லாருக்காது. கொஞ்ச நாள் கெடக்கட்டும்மா, பாப்போம்."

பாப்போம் என்ற சொல்லில் ரத்தினசாமிக்குப் பெரிய நம்பிக்கை. அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி அவருக்கு. நாதியா முணுமுணுத்துக்கொண்டே போனாள். மருந்து தொட்டியிலிருந்து அந்த வால்வு வழியாகவே டிரம்முக்கு இறங்கியது, டிரம் லாரியில் ஏறியது, லாரி கடலோரத்துக்குப் போனது.

ஒரு மாதம் போனது. அனுப்புகிற ஒவ்வொரு லோடிலும் ஒரு சாம்பிள் பாட்டில் எடுத்து அலமாரியில் வைப்பது நாதியாவின் வழக்கம். ஒரு நாள் காலையில் அவள் மூன்று பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்து ரத்தினசாமியின் மேஜையில் வரிசையாக வைத்தாள். முதல் பாட்டில், வால்வு வருவதற்கு முன்னால் பிடித்தது, தேன் நிறம். இரண்டாவது லேசாகப் பச்சை. மூன்றாவது குளத்துப் பாசி.

"இதுல கரைஞ்சிருக்கிறது உங்க சீர் சார்," என்றாள்.

ரத்தினசாமி பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "இதனால என்ன ஆகும்?"

நாதியா சின்னக் கண்ணாடிக் குடுவையில் மூன்றாவது பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி, ஒன்றிரண்டு சொட்டு அமிலம் விட்டு, புது ஷேவிங் பிளேடு ஒன்றைப் பிரித்து உள்ளே போட்டாள். டீ குடித்து முடிக்கிற நேரம் காத்திருந்தாள். பிளேடை இடுக்கியால் எடுத்துக் காட்டினாள். அங்கங்கே செம்பு படிந்து சிவப்பாக இருந்தது.

"பித்தளையில இருக்கிற செம்பு கரைஞ்சு வந்து இரும்பு மேல இப்படி ஒட்டும். ஒட்டுன எடத்தச் சுத்தி இரும்பு குழி விழும். சும்மா விட்டா வருஷக் கணக்குல தேயிற குழாய் இதுல சீக்கிரமே ஓட்டை விழுந்திரும். மருந்து குடுக்காம இருந்திருந்தாக்கூடத் தேவலை சார்."

பெயின்ட் அடித்த குழாயும் அதற்குள் இருக்கிற சூடும் அதன் பக்கத்தில் நடமாடுகிற ஆட்களும் ரத்தினசாமியின் கண்ணில் வந்து நின்றார்கள். போனை எடுத்தார். இதில் அவர் பாப்போம் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் நல்ல காலம். ஆலையின் இன்ஸ்பெக்ஷன் என்ஜினியர் தருண்குமார், பையன் போல் குரல் உள்ள ஆள். சரக்கில் கோளாறு இருக்கிறது, உடனே மருந்து விடுவதை நிறுத்துங்கள் என்றார் ரத்தினசாமி. நிறுத்தச் சொல்லிவிடுகிறேன், நீங்களாகச் சொன்னது நல்லது, என்ன கோளாறு யாரால் வந்தது என்று கேட்க நாளைக்குக் கூப்பிடுகிறேன், காரணத்தோடு இருங்கள் என்று தருண்குமார் வைத்துவிட்டான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவர் குளிக்காமலே உள்ளே வந்துவிட்டார். பேச்சியம்மாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

"வால்வக் கழட்டணும் பேச்சி."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேற வளியே இல்லையா?"

"இல்ல."

"எங்கண்ணன் பேரு போட்ட சாமான். கழட்டி மூலையில போட்டிருக்கிறத அவுக பாத்தா என்ன நெனைப்பாக? மன்னிக்கல போலுக்கு, வாங்கி வச்சுக்கிட்டு நாம போன பெறவு தூக்கி எறிஞ்சிட்டாகன்னுதான நெனைப்பாக?"

"அம்புட்டும் தெரியுது. கொளாய் பொத்துக்கிட்டா அங்கன இருக்கிறவன் கருகிப் போவான். இன்னொரு மட்டம் அதப் பாக்க என்னால ஆகாது."

பேச்சியம்மாள் மோரை ஊற்றினாள். "கழட்டுங்க," என்றாள். "தண்ணித் தொட்டியில மாட்டிருவோம். தண்ணிக்கு ஒண்ணும் செய்யாதுல்ல? அண்ணன்கிட்ட நானே போன் போட்டுச் சொல்லுதேன். அவுகளா வந்து பாக்கிறதுக்கு முன்னாடி நாம சொல்லிட்டம்னா கோவம் கொறையும். ஆனா ஒண்ணு, நீங்க வாயக் குடுத்து அந்தப் பழைய கதைய இழுத்துறாதீக. எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணன்."

மறுநாள் காலையில் வால்வைக் கழற்றினார்கள். கழன்று வந்ததைக் கவிழ்த்துப் பார்த்தால் உள்ளே வாய் முழுக்கப் பச்சை பூத்து, அங்கங்கே சொறி பிடித்த மாதிரி குழி. வெளியே பளபளப்புக் குறையவில்லை, பேர் தெளிவாகத்தான் இருந்தது. அதை ரத்தினசாமியின் மேஜையில் காகிதம் விரித்து வைத்தார்கள். பழைய எவர்சில்வர் வால்வு தன் இடத்துக்குத் திரும்பப் போனது. அதை முடுக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கார் வந்து நின்றது. தங்கச்சியின் போனைக் கேட்ட மனுஷர் பொறுக்க முடியாமல், அவளையும் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

தனுஷ்கோடி தொட்டியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இரும்ப மாட்டிட்டீக."

"எவர்சில்வர் மச்சான்."

"அதுவும் இரும்புச் சாதிதான, எனக்குத் தெரியாதா? மருந்துல கலக்குற தின்னர் வாடை இந்த அடி அடிக்குது, பொறி பட்டா பத்திக்கிடும், இங்கன போயி..."

நாதியா குறுக்கே வந்தாள். "வெளியில முடுக்குற ஸ்பேனர் பித்தளைதாங்க, பொறி வராது. உள்ள மருந்து படுற எடந்தான் எவர்சில்வர். இந்த மருந்து பித்தளையத் தின்னுரும். இங்க பாருங்க." வால்வைத் திருப்பிக் காட்டினாள்.

தனுஷ்கோடி உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பேர் வெட்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பெனியில குறை வந்தா காரணம் வேணும். கெடைச்சது என் வால்வு. அப்படித்தான மாப்ள?"

"அண்ணே, அப்படியெல்லாம் இல்லண்ணே," என்றாள் பேச்சியம்மாள். காப்பியை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மருந்து விவரம் கேட்டால் நாதியாதான் சொல்ல வேண்டும் என்று ரத்தினசாமி ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினார். தருண்குமாரின் குரல் அறை முழுக்கக் கேட்டது. செம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டான். பித்தளை வால்வு என்று நாதியா விவரம் சொன்னாள். உடனே நிறுத்தியதால் பெரிய சேதம் இருக்காது, அரிப்பை அளக்கக் குழாய்க்குள் போட்டு வைத்த இரும்புத் துண்டுகளை எடுத்து எடை பார்க்கிறோம் என்றான். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டான்.

"சார், பித்தளை வால்வை மாட்டுனது யாரு? உங்க லேபர் யாராவது தெரியாம மாட்டிட்டாங்களா? அப்படின்னா லேபர் மிஸ்டேக்னு போட்டு, புதுச் சரக்கு அனுப்பச் சொல்லி, இதோட முடிச்சிரலாம். கம்பெனியே தெரிஞ்சு மாட்டுனதுன்னா உங்க அப்ரூவலை கேன்சல் பண்ணிட்டு மொதல்ல இருந்து வரணும். ஒரு வருஷம் கூட ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல பையன். வழி காட்டுகிறான். ரத்தினசாமி நிமிர்ந்து பார்த்தார். தினம் அந்த வால்வைத் திறந்து டிரம்மில் மருந்து பிடித்தது தங்கத்தாய்தான். கதவோரம், கையில் துடைக்கிற துணியோடு நின்றாள். தன் பேர் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. முகத்தில் பயம் இல்லை. இதுவும் வழக்கம்தானே என்பது போல நின்றாள். அதைத்தான் ரத்தினசாமியால் பார்க்க முடியவில்லை.

"லேபர் இல்ல சார். நான்தான் மாட்டச் சொன்னேன். கெமிஸ்ட் வேண்டாம்னு சொன்னாங்க, அதுக்கப்புறமும் நான்தான் கழட்ட விடல. தப்பு என்னோடது. அப்படியே எழுதிக்கிடுங்க."

தருண்குமார், சரி சார், உங்க இஷ்டம் என்றான். வைத்துவிட்டான். ஓராண்டு உழைப்பு அந்தச் சின்னச் சத்தத்தோடு போனது. நாதியா தன் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரத்தினசாமிக்கு நெஞ்சு லேசாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாருக்குச் சொன்னீக அத?" என்று கேட்டார் தனுஷ்கோடி.

"என்ஜினியருக்குத்தான் மச்சான்."

"எனக்குத்தான். என்ன வச்சுக்கிட்டே சொன்னீக பாருங்க. நான்தான் மாட்டச் சொன்னேன்னு. தப்பு என்னோடதுன்னு. நான் அன்னைக்கு அப்படிச் சொல்லலன்னு குத்திக் காட்டுதீக."

"அண்ணே, வேண்டாண்ணே. அந்தப் பேச்சு வேண்டாம்," பேச்சியம்மாள் பதறிப்போய் அவர் தோளைத் தொட்டாள்.

"நீ சும்மா இரு. ஆறு வருஷமா வயித்துக்குள்ள கெடக்கு." அவர் தங்கச்சியின் கையை எடுத்துக் கீழே விட்டார். ரத்தினசாமியைப் பார்க்கவில்லை, வால்வைப் பார்த்தே பேசினார். "நீங்க நெனைக்கிறது சரிதான். கரண்டி நான் வாங்கினதுதான். சீசன் நேரம், ஆர்டர் கழுத்துல ஏறி நிக்கிது, பித்தளைக் கரண்டி பத்தல. பஜாருல இரும்புக் கரண்டியா வாங்கியாந்து குடுத்தேன். சீனிச்சாமி வாங்க மாட்டேன்னான். இது வேண்டாம் மொதலாளி, எல்லாரும் சேந்து போயிருவம்னான். ஒரு நாளைக்குத்தானலே, பயந்தாங்கொள்ளின்னு நான்தான் கையில திணிச்சேன். அப்புறம் செத்தவன் மேல போட்டேன். செத்தவனுக்கு இனி என்ன நட்டம்னு நெனச்சேன்."

மச்சான் வாயாலேயே அந்தப் பேர் வந்துவிட்டதே என்று ரத்தினசாமி பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் கதவோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கத்தாய் துணியை மடித்து டிரம் மேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மொதலாளி," என்றாள்.

தனுஷ்கோடி நிமிர்ந்தார். "நீ யாரும்மா?"

"சீனிச்சாமி வீட்டுக்காரி."

தனுஷ்கோடி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். காரைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். இந்த இடத்தைவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று கேட்கிற பார்வை அது.

"மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றாள் தங்கத்தாய். அவள் சத்தம் போடவில்லை, கும்பிடவும் இல்லை. "அவரு வேண்டாம்னு சொன்னாருன்னீகளே. அத மட்டும் இன்னொரு மட்டம் சொல்லுங்க."

தனுஷ்கோடி மறுபடியும் வால்வைப் பார்த்தார்.

பேச்சியம்மாள் அண்ணன் நாற்காலிப் பக்கத்திலிருந்து நகர்ந்து போய்த் தங்கத்தாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லுண்ணே," என்றாள்.